காயம் ஆறிய பிறகும் வேலைக்குத் திரும்ப முடியாமல் போவது ஏன்? ராமநாதபுரம் கடற்கரைத் தொழில்களை வைத்து ஒரு விளக்கம்

2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அப்போதிருந்து விபத்து இழப்பீடு பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. விரல் போனால் எவ்வளவு, கால் போனால் எவ்வளவு, கூலிக்குப் பதில் வருமானத்தில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவருக்கு உண்டா, நண்டுக் கம்பெனி வேனில் வரும்போது அடிபட்டால் உண்டா. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்றை யாரும் கேட்பதில்லை. கட்டுப் பிரித்த பிறகு அந்த ஆள் பழைய வேலைக்குத் திரும்பிப் போகிறாரா, போனால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறார்?

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கரையில் விசாரித்தாலும், "கை நல்லாத்தான் ஆயிருச்சு, ஆனா அப்புறம் கடலுக்குப் போகல" என்று சொல்லப்படும் ஒருவராவது இருப்பார். கை நன்றாக ஆகிவிட்டது என்றால் எது தடுத்தது? உடம்பு ஒரு காரணம் மட்டுமே. வேலையிடத்தின் பழக்கவழக்கம் அதற்குச் சமமான இன்னொரு காரணம். அந்தப் பழக்கத்தை மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அதற்கு அடியில் ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

1. காயம் ஆறுதல். எலும்பு கூடுவது, தையல் பிரிப்பது, புண் மூடுவது. இதை மருத்துவர் சொல்லிவிடுவார்.

2. வேலைத் திறன். அந்தக் கையால் ஈரக் கயிற்றைப் பிடிக்க முடியுமா, அந்த முழங்காலோடு ஆடுகிற படகில் ஒரு இரவு நிற்க முடியுமா என்பது. காயம் ஆறுவதும் இதுவும் ஒரே நாளில் வருவதில்லை. உள்ளங்கையில் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்து தைத்திருந்தால், பொதுவாக 6 வாரம் வரை பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும், முழு பலத்தோடு இழுக்க 12 வாரம் வரை ஆகும். மேல்தோல் இரண்டே வாரத்தில் மூடிவிடும். பார்க்கிறவர் கண்ணுக்கு அப்போதே ஆறிவிட்டது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான சண்டைகள் வருகின்றன.

3. வேலையிடப் பண்பாடு. சுவரில் ஒட்டிய விதிகள் இதில் சேராது. ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர்கள் என்ன பேசுகிறார்கள், யார் பார்க்கப் போகிறார்கள், திரும்பி வந்தவருக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள், அவர் மெதுவாகச் செய்வதால் வரும் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் இது. கடைசியில் சொன்னது மிக முக்கியம். பின்னால் கணக்கோடு பார்ப்போம்.

சட்டம் எதுவரை வருகிறது

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இப்போது அந்த நான்கில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. அடிப்படை மாறவில்லை. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டால் முதலாளி பொறுப்பு. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், இப்போது இதில் சேர்கிறது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் 25 சதவீதம், அதாவது மாதத்துக்குப் பாதிக் கூலி. கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாதக் கூலிக்கு 2020 ஜனவரி அறிவிப்பு வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். ஆக, அந்த வரம்பின்படி மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் இல்லை. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கும் கம்பெனியில் வேலை பார்த்தால் நிலைமை பரவாயில்லை, சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும்.

நிரந்தர பாதிப்புக்கு ஒரு பட்டியல் உண்டு. கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆட்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7. பேனா பிடிக்கிறவருக்கு இது பொருந்தலாம். ஆனால் ஈரக் கம்பிக்கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பலத்தில் பெரும்பங்கு சுண்டுவிரல் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கயிறு இழுக்கிறவருக்கு அந்த 7 என்ற எண் ரொம்பக் குறைவு.

அடுத்து, திரும்பிவருவது பற்றிய சட்டம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை நீக்கக்கூடாது, பதவி இறக்கக்கூடாது, பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். ஆனால் இது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் ஊழியருக்கு இது பொருந்தும். தனியார் பாத்தியில் உப்பு வாருகிற ஆளுக்குப் பொருந்தாது, விசைப்படகில் போகிறவருக்கும் பொருந்தாது.

மீனவர்களுக்கு மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் விபத்துக் காப்பீடு இருக்கிறது. இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். நல்ல திட்டம். இதுவும் பணத்தோடு நின்றுவிடுகிறது. மூன்று மாதம் கை வீங்கி, பிறகு மெல்ல மெல்லத் தேறி வருகிற ஆளை என்ன செய்வது என்று எந்தத் திட்டத்திலும் எழுதியில்லை. எழுதாத அந்த இடத்தை வேலையிடப் பண்பாடுதான் நிரப்புகிறது, நல்லபடியாகவோ கெட்டபடியாகவோ.

அடிபட்ட அன்று என்ன பேசினார்கள்?

வலை இழுக்கும்போது, வின்ச் என்ற கயிறு சுற்றும் இயந்திரத்தின் டிரம்மில் (உருளையில்) கம்பிக்கயிறு சீராகச் சுற்ற வேண்டும். ஒரே பக்கமாக மேடுகட்டினால் நழுவும், நழுவினால் வெட்டி இழுக்கும். அதனால் ஒரு ஆள் பக்கத்தில் நின்று கையாலோ கட்டையாலோ கயிற்றைத் தள்ளிக்கொடுத்துக்கொண்டே இருப்பார். இருட்டு, காலடியில் மீன் வழுவழுப்பு, கச்சான் காற்றில் படகு ஆட்டம். பழைய கயிறென்றால் பிசிறு கிளம்பியிருக்கும், அது கையுறையில் மாட்டினால் கையையே டிரம்முக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தப் பயத்தில் கையுறையே போடாதவர்கள் உண்டு. இப்படியும் ஆபத்து, அப்படியும் ஆபத்து. விரல் நசுங்குவதற்கு ஒரு நொடி போதும்.

அதன் பிறகு படகில் வரும் பேச்சு இரண்டு விதமாக இருக்கும். "தூக்கக் கலக்கத்துல நின்னான், வாங்கிட்டான்" என்பது ஒன்று. "அந்தக் கயிறு பிசிறா இருக்குன்னு போன வாரமே சொன்னோமே அண்ணே" என்பது இன்னொன்று. முதல் பேச்சு ஆளைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது கயிற்றை மாற்ற வைக்கிறது. ஆளின் கவனக்குறைவு எப்போதுமே காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் பேச்சு மட்டுமே ஓடுகிற படகில் மூன்று விஷயங்கள் நடக்கும்.

1. சின்னக் காயங்களை மறைப்பார்கள். திருக்கை முள் குத்தியதையும் கெளுத்தி முள் ஏறியதையும் துணியைச் சுற்றிக்கொண்டு சமாளிப்பார்கள். கடல்நீரில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் திறந்த புண்ணில் புகுந்தால் மிக வேகமாகப் பரவும். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. மறைத்த நாட்களின் விலையைப் பிறகு அவர் கையால்தான் கொடுக்க வேண்டும்.

2. திரும்பி வருகிறவர் கூனிக்குறுகி வருவார். வலித்தால் சொல்ல மாட்டார். சொன்னால் "இன்னும் நடிக்கிறான்" என்ற பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும்.

3. அதே வின்ச், அதே கயிறு அங்கேயே இருக்கும். அதன் பக்கத்தில் மறுபடி நிற்கும்போது கை தானாகப் பின்வாங்கும். பயத்தால் கையைக் குறைவாக அசைப்பார், அசைக்காத மூட்டு இறுகும், இறுகிய மூட்டு இன்னும் வலிக்கும், வலி பயத்தைக் கூட்டும். வலியைப் பற்றி ஆராய்கிறவர்கள் நன்றாகப் பதிவு செய்திருக்கும் சுழற்சி இது.

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை இருந்த பிரிவுகளில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் வாய்விட்டுச் சொன்னதுதான் காரணம் என்று அவர் விளக்கினார். மண்டபத்துப் படகுக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது என் எண்ணம். "எங்க படகுல யாருக்கும் ஒண்ணும் ஆனதே இல்ல" என்று ஒரு சம்மாட்டி (படகு முதலாளி) சொன்னால், ஒன்றும் ஆகவில்லையா, யாரும் சொல்லவில்லையா என்று பார்க்க வேண்டும்.

பங்குக் கணக்கு

கூலி முறை படகுக்குப் படகு வேறு. நாள் கூலி, பங்கு, இரண்டும் கலந்தது என்று பல விதம். புரிந்துகொள்வதற்காக ஒரு பங்குப் படகை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

டீசல், ஐஸ், சாப்பாடு போக 30,000 ரூபாய் மிஞ்சுகிறது. 18,000 படகுக்கு, 12,000 ஆட்களுக்கு. ஆறு பேர், தலைக்கு 2,000. ஆறில் ஒருவர் விரல் காயத்துக்குப் பிறகு வந்திருக்கிறார், பாதி வேலைதான் அவரால் முடியும்.

1. முழுப் பங்கு கொடுத்தால் மற்ற ஐந்து பேரும் அவர் வேலையையும் சேர்த்துச் செய்து அதே 2,000 வாங்குகிறார்கள். முதல் வாரம் "பரவால்ல மாப்ள, நீ உக்காரு" என்பார்கள். நாலாவது வாரம் அந்தப் பரிவு இருக்காது. அவர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களும் உடம்பை வைத்துப் பிழைக்கிறவர்கள்.

2. அரைப் பங்கு கொடுத்தால் அவருக்கு 1,000, மற்றவர்களுக்குத் தலைக்கு 2,200. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அவருக்குக் கடன் ஏறும், கை தயாராகும் முன்பே "முடியும்" என்று சொல்லி முழு வேலையில் இறங்குவார். அல்லது கட்டட வேலைக்கோ வேறு ஊருக்கோ போய்விடுவார்.

3. மூன்றாவது வழி, கனமான வேலைக்கு ஒரு உதவி ஆளை 1,000 ரூபாய்க்குக் கூட்டிப்போய், அந்த 1,000ஐ டீசல், ஐஸ் போலப் பொதுச் செலவில் எழுதுவது. மீதி 29,000. படகுக்கு 17,400, ஆட்களுக்கு 11,600. காயம்பட்டவரையும் சேர்த்து ஆறு பேருக்கும் தலைக்கு ஏறக்குறைய 1,933. ஒவ்வொருவருக்கும் 67 ரூபாய் குறைகிறது, படகுக்கு 600 குறைகிறது.

மூன்றிலும் மனிதர்கள் அதே மனிதர்கள்தான். இரண்டாவதில் அவர் தொழிலை விட்டுப் போகிறார், மூன்றாவதில் தங்குகிறார். "அந்தப் படகுல ஆளுங்க நல்லவங்க" என்று நாம் சொல்வதில் பாதி, நஷ்டத்தை எங்கே எழுதுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு நல்ல ஆள் தொழிலை விட்டுப் போனால் பழக்கமில்லாத ஆளை வைத்து ஓட்ட வேண்டியிருக்கும். அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்த்தால் 600 ரூபாய் பெரிதாகத் தெரியாது.

சீக்கிரம் திரும்புவதும் ஆபத்துதான்

திரும்பாமல் போவதைப் பற்றியே பேசினால் பாதி உண்மை விட்டுப்போகும். இந்தக் கரையில் பல பேர் நேரத்துக்கு முன்பே திரும்பிவிடுகிறார்கள். முதல் காரணம் முன்பணம். சம்மாட்டியிடம் வாங்கியதைக் கழிக்க வேண்டும், வீட்டில் இருந்தால் கழியாது. அடுத்தது பருவம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் தொடக்கத்தில் கை முறிந்தவருக்குத் தானாகவே இரண்டு மாத ஓய்வு கிடைத்துவிடும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதே முறிவு ஜூன் 20ஆம் தேதி நடந்தால், தடை முடிந்து மீன் நன்றாகப் படுகிற நேரம், கட்டோடு வீட்டில் இருக்கவே மனசு வராது. காயம் ஒன்றுதான், ஓய்வு காலண்டரைப் பொறுத்ததாகிவிடுகிறது.

மருத்துவமனை தூரமும் சேர்ந்துகொள்கிறது. ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய உதவி. ஆனாலும் பாம்பன்காரர் ஒருவர் வாரம் இரண்டு முறை இயன்முறைப் பயிற்சிக்கு அங்கே போய்வர வேண்டும் என்றால் இரண்டு நாள் போகும், பஸ் செலவும் ஆகும். பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். முறிவு கூடியிருக்கும், மணிக்கட்டு மடங்காது.

பெண்கள் வேலை செய்யும் இடங்கள்

இங்கே கதை கொஞ்சம் மாறுகிறது. மண்டபம் பக்கத்து நண்டுக் கம்பெனிகளில் சதை எடுப்பவர்கள் சின்னக் கத்தியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். எடைக்குக் கூலி என்றால் மெதுவான கை தானாகவே குறைவாகச் சம்பாதிக்கும், யாரும் எதுவும் குறைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்த மதினி தன் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி இவள் தட்டில் போடுவதுதான் அங்கே இருக்கும் இழப்பீடு. அது பெரிய மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் அதிகம் சம்பாதிக்கிற கம்பெனி செய்ய வேண்டியதை, எடைக்குக் கூலி வாங்குகிற இன்னொரு பெண் செய்கிறாள்.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு முதலாளியே இல்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறைக்கும் பவளத்துக்கும் நடுவில் மூழ்கி எடுக்கிறார்கள், வெட்டு சகஜம். திறந்த வெட்டோடு மறுபடி கடலில் இறங்கக்கூடாது. ஆனால் அவர்களைத் தடுக்கவும் யாருமில்லை, அந்த நாளுக்குக் கூலி தரவும் யாருமில்லை. இவர்களுக்கு வேலையிடம் என்பது கூடப் போகும் பெண்கள்தான். மிதவையில் பாசி வளர்க்கும் குழுக்களில் ஒரு வசதி உண்டு, கரையில் உட்கார்ந்து கயிற்றில் பாசி கட்டும் வேலையைக் காயம்பட்டவருக்கு விடலாம். உள்ளங்கை நனைந்தாலும் இடுப்பளவு நீரில் இறங்க வேண்டியதில்லை, புண்ணை மூடிக்கொள்ளவும் முடியும். இன்னொரு விஷயம், வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஓய்வு என்ற ஒன்றே கிடையாது. தண்ணீர்க் குடமும் அடுப்பும் அந்தக் கையைத்தான் கேட்கும்.

ஆராய்ச்சி சொல்வது

கனடாவின் கியூபெக்கில் பாட்ரிக் லுவாசெல் குழு, முதுகுவலியால் 4 வாரத்துக்கு மேல் வேலைக்கு வராதவர்களை வைத்து நடத்திய ஆய்வு 1997இல் வெளியானது. சிகிச்சையோடு வேலையிடத்தையும் சரிசெய்தபோது, அதாவது தொழிலாளியையும் மேற்பார்வையாளரையும் ஒன்றாக உட்காரவைத்து எந்த வேலை எப்படி மாற வேண்டும் என்று முடிவு செய்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஏறக்குறைய 2.4 மடங்கு வேகமாகப் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். டொரான்டோவில் இருக்கும் 'வேலை மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம்' 2007இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்து ஏழு நெறிகள் வகுத்தது. அதில் இந்தக் கரைக்கு நேராகப் பொருந்துவது ஒன்று: திரும்புகிறவருக்கு உதவும் திட்டம், கூட வேலை செய்கிறவர்களுக்குப் பாதகமாக இருக்கக்கூடாது. மேலே பார்த்த பங்குக் கணக்கும் இதையேதான் காட்டுகிறது.

அவை காப்பீடும் சம்பளச் சீட்டும் உள்ள நாட்டு ஆய்வுகள், எல்லாவற்றையும் அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. ஆனால் செலவில்லாத பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே என்ன செய்யலாம்

1. முதல் வாரத்திலேயே வேலையிடத்திலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். படகு டிரைவரோ மேஸ்திரியோ போனால் நல்லது, ஏனென்றால் திரும்பி வரும்போது அவருக்குக் கீழேதான் வேலை. "எப்ப வர்ற" என்று கேட்கப் போகக்கூடாது. "உன் இடம் இருக்கு தம்பி, பதறாத" என்று சொல்லப் போக வேண்டும்.

2. இலகு வேலையை முன்பே யோசித்து வைக்க வேண்டும். வலை பொத்துவது (கிழிந்த வலையைச் சரிசெய்வது), மீன் எடை போடுவது, ஐஸ் கணக்கு, டீசலுக்கும் டோக்கனுக்கும் அலைவது, படகுக் காவல் என்று கரையில் உண்மையான வேலைகள் நிறைய உண்டு. எத்தனை வாரம், என்ன கூலி என்று பேசி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே நிரந்தரமாகிவிடும். ஆளைப் பார்த்துக் கொடுக்கவும் வேண்டும். விரல் போனவருக்கு வலை பொத்தும் வேலை இலகுவானதல்ல.

3. வின்ச் பயத்தைப் படிப்படியாகத்தான் போக்க வேண்டும். படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது ஓடாத வின்ச் பக்கத்தில் நிற்பது, பிறகு கயிறில்லாமல் ஓடும்போது நிற்பது, பிறகு பகலில் இழுப்பது. கேலி செய்கிற ஆள் அந்த நாட்களில் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வது டிரைவர் பொறுப்பு.

4. மருத்துவரிடம் "வேலைக்குப் போகலாமா" என்று மட்டும் கேட்டால் ஆம், இல்லை என்றுதான் பதில் வரும். எத்தனை கிலோ தூக்கலாம், கை நனையலாமா, இறுக்கிப் பிடிக்கலாமா, ஏணி ஏறலாமா, எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்று தனித்தனியாகக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். அந்தச் சீட்டு கையில் இருந்தால் படகில் வாதாட வேண்டியதில்லை.

5. அடிபட்ட நாள், இடம், படகின் பதிவு எண், கூட இருந்தவர்கள் பெயர், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பங்குக்குப் போகிறவர் தொழிலாளியா கூட்டாளியா என்ற வாதம் வரும்போது, வாங்கிய பணத்துக்கு எழுத்தில் ஏதாவது இருப்பது உதவும். பழைய சட்டத்தில் இழப்பீடு கோர விபத்திலிருந்து 2 ஆண்டுக் கெடு இருந்தது, அதை மனதில் வைத்துத் தள்ளிப்போடாமல் மனு கொடுப்பது நல்லது.

6. இலகு வேலை கொடுத்த முதலாளிகள் சிலர், "வேலைதான் கொடுத்துட்டேனே, அப்புறம் என்ன இழப்பீடு" என்று கேட்பதுண்டு. பட்டியலில் உள்ள நிரந்தரக் காயத்துக்கு, பழைய வேலைக்கே, பழைய கூலிக்கே திரும்பியிருந்தாலும் இழப்பீடு கேட்கலாம். வேலையை ஏற்றுக்கொண்டால் உரிமை போய்விடும் என்று பயந்து யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். இழப்பீடு கேட்டதற்காகத் திரும்பி வந்த இடத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.